விட்ட இடம்

1987 ஜூலை 6: பம்பாய்க் கம்பெனியின் விலைப்புள்ளி, ரூ. 5,60,000.
1987 ஆகஸ்ட் 19: ஹௌரா ஏஜெண்டின் விலைப்புள்ளி, ரூ. 1,90,000.
1987 செப்டம்பர் 2: பெருந்துறைத் தோட்டம் விற்ற வகையில் வரவு, ரூ. 5,75,000.

மின்விசிறி சுற்றி ஓய்வதற்குள் அருக்காணியின் கைக்குச் சாக்பீஸ் வந்துவிடும். கல்கத்தாவின் கஸ்பாவில் தகரக் கூரை போட்ட அந்தச் சின்னப் பட்டறையில் கரண்டு போனதும் மற்றவர்கள் பீடிக்கும் டீக்கும் வெளியே போவார்கள். அவர் உள்ளே போவார். பாதி துளைத்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோடு, பாதி தேய்த்த விளிம்பில் ஒரு கோடு. "தாக் தாவ், நிதாய்தா!" என்று, கேஸ் சுடரால் தகடு வெட்டும் நிதாயையும் வங்காளியில் விரட்டுவார். கோடு போடு, அண்ணா என்பதுதான். ஆனால் அவர் வாயில் அது பெருந்துறைச் சந்தையில் மாட்டுக்கு விலை சொல்வதைப் போல ஒலிக்கும்.

அவரைப் 'பௌதி' என்று, அண்ணி முறை வைத்து அழைக்கிற நிதாய், பதினாறு வருஷத்தில் கற்ற தமிழில் கேலி செய்வார்: "பௌதி, நான் செத்தாலும் என் மேலே கோடு போடும். மறுபடி எழுந்து அங்கேருந்து வெட்டணும்."

"பின்னே? சம்பளம் வாங்கறீங்கல்லோ."

அருக்காணிக்கு ஐம்பத்திரண்டு வயது. புடவைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை, காதோரம் இரும்புத் தூள். வீட்டிலும் அதே வழக்கம்தான். லேக் மார்க்கெட்டில் வாங்கி வரும் தமிழ் வாரப் பத்திரிகையைப் படிக்கையில் விளக்கு அணைந்தால், கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்த வரியின் மேல் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "மொதல்லேருந்து படிச்சா என்ன, புள்ள?" என்பார் கணவர் வேலாயுதம். "படிச்சதையே படிக்க எனக்கென்னுங், ரெண்டு ஆயுசா?"

வேலாயுதம் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஆர்டர் பிடிப்பது அவர் பாடு, வேலையை முடிப்பது அருக்காணி பாடு. தேயிலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனி ஒன்றுதான் பட்டறைக்குச் சோறு. அந்தக் கம்பெனி அந்த வருஷம் ஒரு நிபந்தனை வைத்தது. குழாய் வளையங்களை இனிமேல் கையால் வெட்டித் தரக்கூடாது. மெஷினுக்குப் பணம் கட்டிய ரசீதைச் சித்திரை முதல் தேதிக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறு பட்டறைக்குப் போய்விடும். பெருந்துறைத் தோட்டம் அருக்காணிக்குத் தாய்வீட்டில் கொடுத்தது. விலை கேட்ட இரண்டு மெஷின்களில் ஒன்றைத்தான் அதை விற்ற பணத்தில் வாங்க முடியும். தப்பான மெஷினை வாங்கிவிட்டால் அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு தோட்டம் கிடையாது.

வேலாயுதம் ஹௌரா மெஷின் பக்கம். அது காகிதத்தில் வரைந்த கோட்டை ஒரு மின்கண்ணால் பார்த்து, அதன்படியே தகட்டை வெட்டும். விலையும் மூன்றில் ஒரு பங்கு. "அதுக்குக் கண்ணு இருக்குதுல்ல. பாத்துக்கும்."

"இருட்டுல எந்தக் கண்ணுங் பாக்கும்?"

பம்பாய்க்காரர்களுடையது கம்ப்யூட்டர் சொல்லச் சொல்லப் பிளாஸ்மாச் சுடரால் வெட்டுகிற மேசை. அதை விளக்க வீரராகவன் என்ற இளம் என்ஜினீயர் வந்தார், பம்பாய் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். மாதிரிக்குக் கொண்டுவந்த வளையத்தின் விளிம்பில் அருக்காணி கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை. நிதாய் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.

"ஏனுங் தம்பி, பாதி வெட்டறப்ப கரண்டு போச்சுன்னா?"

"திரும்பி வந்ததும் ஜீரோலேர்ந்து ஆரம்பிக்கும், மாமி."

"அப்ப அந்தப் பாதித் தகடு?"

"ஸ்கிராப்தான், மாமி. பம்பாய்ல கரண்ட் போறதே இல்லையா, யாரும் இதைக் கேட்டதில்லை."

"கல்கத்தாவுல வாரதே இல்லீங்."

முதலில் சிரித்தது வீரராகவன்தான். பிறகு பேனாவைத் திறந்து, சுடர் நின்ற இடத்தை மெஷின் மறக்காமலிருக்க ஒரு பாட்டரி வைக்க முடியுமா என்று ஆபீஸில் கேட்டு எழுதுவதாகக் குறித்துக்கொண்டார். ஹௌரா ஏஜெண்டிடமும் இதே கேள்வி போயிற்று. "நோ பிராப்ளம்" என்று கேள்வி முடிவதற்குள்ளேயே அவர் சொன்னார். அருக்காணிக்கு அந்த வேகம் பிடிக்கவில்லை.

டிசம்பரில் பம்பாயிலிருந்து பதில் வந்தது: முடியாது. விடாமல் மறுபடி எழுதியதற்குப் பிப்ரவரியில் இன்னொன்று: பாட்டரி வைக்கலாம், அரை மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டர் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே என்றும் ஒரு வரி.

"மெஷினுக்கே தோட்டம் போச்சு. ஜெனரேட்டருக்கு உங்களத்தான் விக்கோணும்" என்றார் அருக்காணி, கணவரிடம்.

"என்னை எவன் வாங்குவான்? சித்திரை வருது, புள்ள. ஹௌராக்காரனுக்கே பணத்தக் கட்டிரலாம்."

"இங்க கரண்டு போனா மூணு மணி நேரமுங். அரை மணி யாருக்குப் பத்தும்?" என்று சொல்லிவிட்டு, அதையே பம்பாய்க்கு மூன்றாவது கடிதமாக எழுத வைத்தார்.

பதிலைப் பட்டறையில் பிரித்தபோது மாலை ஆறரை மணி இருக்கும். அருக்காணிக்கு வரைபடங்களில் பழகிய ஆங்கிலம். வார்த்தைக்கு வார்த்தை விரல் வைத்துத்தான் படிப்பார். வேலாயுதம் எதிரில் நின்றார். நிதாய் கேஸை மூடிவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விரல் மூன்றாவது வரிக்கு இறங்கியதும் விளக்கு அணைந்தது. தெரு முழுக்க வங்காளியில் "போச்சு!" என்று ஒரு சத்தம்.

"என்ன எழுதியிருக்கான்? சொல்லு புள்ள!"

"எட்டு மணி நேரம் ஞாபகம் வச்சிருக்குமாமுங். வெலை அதேதானாமுங்." என்றவர் அதே மூச்சில் சொன்னார்: "ஹௌராக்காரருகிட்ட வேண்டாம்னு சொல்லிப்போடுங்."

"மெஷின் எப்ப வருமாம்?"

"அது அடுத்த வரியிலீங்."

வேலாயுதம் தீப்பெட்டியைத் தேடித் தடவினார். அருக்காணி விரலைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையால் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, விரல் இருந்த இடத்தில் வைத்தார்; பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1988 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை.