கிணற்றுக்கும் குழிக்கும் இருபத்தெட்டு அடி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வெளிநாட்டுக்காரரின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கும் வேலையைப் பதினாறு ஆண்டுகளாகச் செய்கிறேன். ஆள் பிடிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, கூரை ஒழுகினால் மேசனைக் கூப்பிடுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்கள் யோசனை கேட்டால், நான் விட்ட பிழை ஒன்றைத்தான் சொல்வேன்.

ஒரு வியாழக்கிழமை காலை சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். கரவெட்டியைச் சேர்ந்த ஆசிரியை. இடமாற்றத்தில் இங்கே வந்து, என் பராமரிப்பில் இருந்த வீடொன்றில் இரண்டு வயது மகனோடு குடியிருந்தாள். கணவருக்குக் கொழும்பில் வேலை.

"அக்கா, பிள்ளையை ஆஸ்பத்திரி வாட்டிலை மறிச்சுப்போட்டினம். மூண்டு நாளா வயித்தோட்டம். என்ன தண்ணி குடுக்கிறனீங்கள் எண்டு டொக்டர் கேட்டார். கிணத்துத் தண்ணி எண்டு சொன்னனான். அதிலை ஏதும் பிழை இருக்குமோ அக்கா?"

"பாப்பம் பிள்ளை. நான் இப்ப வாறன்," என்றேன். பிழை இருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் சிவநேசன் அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார். முந்தைய வருடம் பின்வளவில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று ஒரு சிறு துணைவீடு, அனெக்ஸ், கட்ட ஆசைப்பட்டார். வருகிற வாடகை பெயின்ற் அடிக்கவும் மோட்டர் திருத்தவும் எனக்குத் தரவுமே போய்விடுகிறது, இன்னொரு வாடகை வந்தால்தான் வீடு தன்னைத் தாங்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் வளவு ஒடுங்கல். மலக்குழி வெட்டக் கிணற்றுப் பக்கம் மட்டுமே இடமிருந்தது. நானே அளவுநாடா பிடித்து அளந்தேன். இருபத்தெட்டு அடி. ஐம்பது அடியாவது விட வேண்டும். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் குழியில் விழுவது கிணற்றுக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது.

"எல்லாரும் உப்பிடித்தான் கட்டியிருக்கினம் அக்கா," என்றார் மேசன். அண்ணையிடம் அந்தத் தூரத்தைச் சொன்னேன். "நீர்தானே அங்கை நிக்கிறீர். நீரே பாத்து முடிவெடும்," என்றார். நான் கட்டச் சொன்னேன். இரண்டு வாடகை என்றால் என் கூலியும் கூடும். அதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்த வீட்டுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மணமில்லை, நிறமில்லை. அனெக்ஸில் இருந்த நான்கு மாணவர்களிடமும் அதைக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கப்போவதாகச் சொன்னேன்.

"தண்ணியைச் சோதிக்கக் குடுக்காதையும்," என்றார் அவர். "பேர் கெட்டா ஒருத்தரும் அந்த வீட்டுக்கு வரமாட்டினம். கிணத்தை இறைச்சுக் குளோரினைப் போட்டு விடும்."

"அண்ணை, ஒரு பிள்ளை வாட்டிலை கிடக்கு. பக்கத்து வீட்டுக் கிணறும் குழிக்குக் கிட்டத்தான்."

"யோசிச்சுச் செய்யும். உம்மடை வேலையும் உதிலைதான் இருக்கு."

அரை மணித்தியாலம் கிணற்றுக்கட்டில் இருந்தேன். அண்ணையின் சொந்தக்காரருக்கும் மூன்று வீடுகள் பார்க்கிறேன். எல்லாம் ஒரே நாளில் போய்விடலாம். பிறகு எழும்பிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனேன். அவர் வந்து இரண்டு கிணறுகளிலும் போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வரச் சில நாள் செல்லும் என்றார்.

வாட்டில் பிள்ளை சேலைன் ஏறிய கையோடு சோர்ந்து கிடந்தான். சுகந்தியிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கிணற்றுக்குக் கிட்டக் குழி இருக்கிறது, தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"எத்தினை அடி?"

"இருபத்தெட்டு."

"கட்டேக்கை அது போதாதெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவள் கட்டில் பக்கம் திரும்பினாள். பிள்ளையின் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் பிள்ளை தேறினான். சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கரவெட்டிக்குப் போய்விட்டாள். அவளுடைய சாமான்களை ஏற்ற அவளின் தகப்பன்தான் வந்தார். மறுநாள் சோதனை முடிவு வந்தது. பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தம். எங்கள் கிணற்றில் மலக்கிருமி. மாணவர்களுக்கு வேறு இடம் தேடிக் கொடுத்தேன். குழியை அள்ளி மூடினோம். அனெக்ஸுக்குப் பூட்டுப் போட்டோம்.

பிறகு வீடு பார்க்க வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் வந்த குடும்பம் தலையாட்டிவிட்டுப் போனது. இரண்டாவதும் திரும்பி வரவில்லை. அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"நீர் சொல்லிச் சொல்லியே வீட்டைச் சும்மா போட்டிருக்கிறீர். விப்பமோ?"

"வில்லுங்கோ அண்ணை. வாங்கிறவைக்கும் சொல்லத்தான் வேணும்."

"அப்ப குழாய்த் தண்ணிக்கு எழுதிக் குடும்," என்றார் கடைசியில்.

குழாய் வந்த பிறகுதான் வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டை இன்றும் நான்தான் பார்க்கிறேன். சுகந்தியை இரண்டு தரம் தொலைபேசியில் அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை.

வீடு கட்டி வாடகைக்கு விட்டால் மிச்சம் வருமா என்று வெளிநாட்டிலிருந்து இப்போதும் கேட்கிறார்கள். செலவுகளைச் சொல்கிறேன். பிறகு, அந்த வளவுத் தண்ணீரை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்குபவரின் வீட்டுக்கு நான் ஆள் பிடிப்பதில்லை.