குலேந்திரன் மச்சானின் மரண அறிவித்தலுக்கு ஒரு திருத்தம்

சென்ற மாதம் உங்களில் பலருடைய கைபேசிக்கு வந்த மரண அறிவித்தலில், என் அக்கா சிவமலரின் கணவர் கணபதிப்பிள்ளை குலேந்திரன் 'ஓய்வுபெற்ற ஆராய்ச்சியாளர்' என்று இருந்தது. அதை எழுதியவன் நான். அது உண்மையல்ல. முப்பத்தோராம் நாளுக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கிறது. வழமையாக இந்தப் பக்கத்தில் வருவது போன்ற வாழ்க்கைக் குறிப்பை என்னால் எழுத முடியவில்லை.

மச்சான் கல்லாற்றில் பிறந்தவர். சோவியத் புலமைப்பரிசில் கிடைத்து இருபது வயதில் புறப்பட்டார். ஒரு வருடம் ரஷ்ய மொழி படித்த பிறகு, லித்துவேனியாவில் கௌனாஸ் நகரத்துப் பல்கலைக்கழகமொன்றில் விவசாயம் படிக்க அனுப்பினார்கள். அங்கேயே ஆய்வுப் பட்டம் பெற்று விரிவுரையாளரானார். ஒரு தடவை ஊருக்கு வந்து அக்காவைக் கலியாணம் செய்து கூட்டிக்கொண்டு போனார். மகள் பிரஷாந்தினி அங்கேதான் பிறந்தாள்.

அவர் ஆராய்ந்தது சதுப்பு நிலத்துப் பாசியை. அந்தப் பாசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் கிடந்து மக்கி, கபில நிறத்தில் மண் போல ஆகிவிடும். பீட் என்பார்கள். பூச்சாடிகளுக்குப் போடுவதற்காக அதை வெட்டி எடுத்துவிட்டால், அந்த இடத்தில் பாசி திரும்பவும் வருமா, எவ்வளவு காலத்தில் வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்காகப் பதினொரு ஆண்டுகள், வாராவாரம், மூன்று சதுப்புகளுக்குள் இறங்கி நீர்மட்டத்தையும் பாசியின் உயரத்தையும் அளந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு புதிய நாடு பழைய பட்டங்களையெல்லாம் மறுபடி பரிசீலித்தது. அவருடையதும் தேறியது. "ரெண்டு நாடு சோதிச்ச பட்டம் மச்சான், கழுதைக்குக் குடுத்திருந்தாலும் செல்லும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

தொண்ணூற்றேழில் அவருடைய துறையை மூடினார்கள். நான் அப்போதே மொன்றியலில் இருந்தேன். மூவரும் இங்கே வந்து சென்ட் லோரன்டில் வாடகைக்கு இருந்தார்கள். மச்சான் எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதில் வந்தது ஒன்றுதான். முதுகலையிலிருந்து மறுபடி படிக்கச் சொன்னது. ஐந்து வருடம் மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைத்தார். அதன் பின், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள பல்கலைக்கழக விவசாய வளாகத்தின் பசுமைக்குடிலில் வேலை செய்த திருகோணமலைக்காரி அக்னெஸ் சொல்லிவிட்டதால், அவருக்கும் அங்கே வேலை கிடைத்தது. மாணவர்கள் பயன்படுத்திய பூச்சாடிகளில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவ வேண்டும். அந்த மண் பீட்.

அவர் அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. வெட்கப்பட்டவன் நான்.

ஒரு தடவை பியர்பொன்ட்ஸில் உள்ள என் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பை பீட் வாங்கப் போனோம். மச்சான் கடைக்குள்ளேயே பையைக் கிழித்து, ஒரு பிடி அள்ளி நனைத்துப் பிழிந்து, விரலிடுக்கில் வழிந்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார்.

"மச்சான், ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டுமே. இது மேல் தட்டு. தண்ணி தெளிவா வருது பாருங்க. இருநூறு வருஷம் கூட ஆகாத பிஞ்சு."

பிழிந்ததைப் பைக்குள் போட்டுவிட்டு அதையே வாங்கினார். நான் நாலடி தள்ளி, வேறு யாருடனோ வந்தவன் போல நின்றேன்.

இந்த ஊரில் பலருடைய கலியாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் நான் எழுதியவைதான். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பதவி வைப்பது நம்முடைய வழக்கம். பொறியியலாளரிடம் வேலை செய்பவரைப் பொறியியலாளர் ஆக்கியிருக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை, நன்றிதான் சொல்லியிருக்கிறார்கள். என் கை அப்படிப் பழகிவிட்டது.

இரண்டாயிரத்துப் பத்தில் கௌனாஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் தன்னிடம் கற்பித்த எல்லோருடைய வரலாற்றையும் ஆய்வுத் துறைகளையும் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூல் போடுகிறது, உங்களுடையதையும் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மச்சான் அந்த வாரம் முழுக்க வேறு எதுவும் கதைக்கவில்லை. பென்சிலால் நிரப்பி, கணினியில் அடித்து அனுப்பும்படி என்னிடம் தந்தார். 'தற்போதைய பணி' என்ற இடத்தில் 'பசுமைக்குடிலில் பூச்சாடி கழுவுதல்' என்று எழுதியிருந்தார்.

நான் அதை அடிக்கவில்லை. 'ஆராய்ச்சியாளர்' என்று போட்டு, வளாகத்தின் பெயரையும் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருடம் நூல் வந்தது. மச்சான் தன் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை வாசித்தார்.

"இதை நீங்க மாத்தினீங்களா?"

"கொஞ்சம் வடிவாக்கினன் மச்சான். எல்லாரும் செய்யிறதுதானே."

"வடிவாத்தான் இரிக்கு. ஆனா என்ட இல்ல. ஒரு கடிதம் போட்டுத் திருத்திருவம்."

"மின்னஞ்சல்ல ஒரு நிமிஷ வேலை. நான் அனுப்புறன்."

இரண்டு கிழமை கழித்துக் கேட்டார். "அனுப்பிட்டன்" என்றேன். அனுப்பவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வந்த கோடைக்குப் பின் மச்சான் மாறிப்போனார். கௌனாஸிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த ஆய்வுச் சஞ்சிகை நின்றது. கடிதம் அடித்துத் தரும்படி என்னிடம் அவர் பிறகு கேட்கவேயில்லை. சில விருந்துகளில் எல்லோர் முன்னாலும், "என்ன டொக்டர், பாசி கருகிட்டுதா?" என்று பகிடி பண்ணினேன். அவர் சிரித்தார். இறக்கும் வரை என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது அவருடைய இறுதிச் சடங்கன்றுதான். மண்டப வாசலில் மாட்டியிருந்த அறிவித்தலை அக்னெஸ் நின்று வாசித்தார்.

"இது ஆர் எழுதின?"

"நான்தான் அக்கா."

"மறுகாவும் நீங்களா? அந்தப் புத்தகத்தில செஞ்சது காணாதா?"

அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். என்னை வாகனத் தரிப்பிடத்துக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்.

அந்தக் கோடையில் சதுப்பு நிலம் பற்றிய மாநாடொன்றுக்காக ரசா என்ற லித்துவேனியப் பேராசிரியை மொன்றியல் வந்திருக்கிறார். மச்சானின் பழைய மாணவி. நூலில் இருந்ததை நம்பி வளாக அலுவலகத்துக்குப் போய், ஆராய்ச்சியாளர் குலேந்திரனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒருவர் பட்டியலில் இல்லை. கடைசியில் யாருக்கோ ஞாபகம் வந்து பசுமைக்குடிலுக்குக் கூட்டி வந்தார்கள்.

"அண்ணன் றப்பர் சப்பாத்தோட ஹோஸ் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். அவவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. அவ பையில இருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, விரலை வைச்சுக் காட்டி என்னமோ கேட்டா. அண்ணன் தலையைக் குனிஞ்சு ரெண்டு சொல்லுத்தான் சொன்னவர். அவ ஈரக்கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டா."

"என்ன கேட்டவவாம்?"

"சாப்பிடக்குள்ள சொன்னவர். அவ படிக்கக்குள்ள ஒரு நாள் பனியில சதுப்புக்குப் போகாம, தண்ணி மட்டத்தை மனசால எழுதிட்டாவாம். அந்த ஒரு நாளுக்காக அண்ணன் அவவை ஒரு வருஷம் திருப்பிப் படிக்க வைச்சவராம். 'அப்ப என்னை அப்பிடிச் செஞ்ச நீங்க, இதை எழுதினது ஆர்?' எண்டுதான் கேட்டிருக்கா."

"மச்சான் என்ன சொன்னவர்?"

"'நான் எழுதினன்' எண்டு சொன்னவராம். ஏன் அண்ணன், உங்கட மச்சான்ட பேரைச் சொல்லியிருக்கலாமே எண்டு நான் ஏசினன். 'அவன் என்ட மரியாதைக்கு எண்டு நினைச்சுத்தான் செஞ்சவன் அக்னெஸ். அந்நிய நாட்டு மனிசிக்கிட்ட அவனை ஏன் காட்டிக் குடுக்கவேணும்' எண்டார். எனக்குச் சாடி கழுவுறது ஒரு குறையாத் தெரியல்ல தம்பி. நானும் அதைத்தானே செய்யிறன். உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

நான் திருத்தம் அனுப்பவில்லை என்பது அந்த நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகு பன்னிரண்டு தைப்பொங்கலுக்கு என் வீட்டில் வந்து சாப்பிட்டார்.

எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகு பிரஷாந்தினியிடம் எல்லாவற்றையும் சொல்லி, பேராசிரியைக்கு லித்துவேனிய மொழியில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். அவள் கணினியைத் திறந்தாள்.

"மாமா, 'பிழை' எண்டு போடவா, 'பொய்' எண்டு போடவா?"

"பொய் எண்டே போடு."

"ஆரிட பொய் எண்டு?"

"என்ட பேரை முழுசாப் போடு. விமலநாதன்."

பதில் இன்னும் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை. இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆக்கள் உன்னை என்ன நினைப்பாங்க?" என்றார். பிறகு, "அவர் எழுதினதை அப்பிடியே போடு, ஒண்டையும் வடிவாக்காத" என்றார்.

நான் அடித்துக் கொடுத்த எதனுடைய கையெழுத்துப் பிரதியையும் எறிவதில்லை. பென்சில் மங்கியிருந்தாலும் மச்சானின் படிவம் என்னிடம் இருந்தது. அதில் உள்ளபடி:

பெயர்: க. குலேந்திரன். கற்பித்த பாடம்: சதுப்பு நில மண்ணியல். தற்போதைய பணி: பசுமைக்குடிலில் பூச்சாடி கழுவுதல். ஆய்வு ஆர்வம்: வெட்டி எடுத்த சதுப்பில் பாசி திரும்பி வளரும் வேகம். பதினொரு ஆண்டுகளில் நான் அளந்தது நான்கு சென்ரிமீற்றர். ஒரு வாரம் காய்ச்சலாக இருந்தேன். அந்த வாரத்துக்கு அளவு இல்லை.