தமயந்தி அக்கா கேட்ட பானை

மதிய வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பியூன் முருகேசன் கதவருகே வந்து செருப்பைக் கழற்றினார். வகுப்பு வாசலில் அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. "ஆத்தூரம்மா போயிட்டாங்களாமுங்க. ஆபீசுக்குப் போன் வந்துச்சுங்க" என்றார். முன்வரிசைப் பெண்ணொருத்தி அழத் தொடங்கினாள். ஆத்தூரம்மா படுக்கையில் விழுந்து மாதங்கள் ஆகியிருந்தன. எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த சாக்பீஸை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆத்தூரம்மா என்று கல்லூரி முழுவதும் அழைத்தது எங்கள் விலங்கியல் ஆசிரியை தமயந்தி அக்காவை. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஆத்தூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில்தான் வந்து போனார். அம்மா இல்லை, திருமணம் செய்துகொள்ளவில்லை. அரிசி மில் நடத்திய அப்பாவுக்குக் காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பி, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. நான் சரித்திரம். "நீ செத்த ராஜாவைப் பத்திச் சொல்ற, நான் செத்த தவளையைப் பத்திச் சொல்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மாணவி, கல்லூரிக் காட்சியறைக்கென்று வேலியிலிருந்து ஒரு பச்சோந்தியைப் பிடித்து, இடுப்பில் நூல் கட்டிக் கொண்டுவந்தாள். பார்மலின் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்ட வேண்டியது அக்காவின் பொறுப்பு. பாட்டிலைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, வெகுநேரம் பச்சோந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒரு கண்ணால் அவரையும் மறு கண்ணால் பாட்டிலையும் பார்த்தது. "ரெண்டையும் ஒரே நேரத்துல பாக்குது வசந்தா. இதைப் போய் எப்படி..." என்றார். மாலையில் மூடிபோட்ட கூடையில் அது ஆத்தூர் பேருந்தேறியது.

வீட்டுப் பின்கட்டில் இருந்த கறிவேப்பிலைச் செடியில் அதை விட்டார். மழைக்காலத்தில் தொல்லையில்லை. வசிட்ட நதிக்கரைப் புல்லில் வெட்டுக்கிளி கிடைத்தது. பங்குனி பிறந்ததும் புல் காய்ந்தது, பூச்சி போயிற்று. பச்சோந்தியின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. உயிரோடு அசைகிற இரையைத் தவிர வேறெதையும் அது தொடாது. வழி அக்காவுக்குத் தெரியும். ஒரு பானையில் தவிடும் குருணையும் போட்டு, தானியத்தில் விழும் அந்துப்பூச்சியை விட்டு, வாய்க்குத் துணியால் வேடு கட்டினால் புழுவும் பூச்சியும் அதுபாட்டுக்குப் பெருகும். அரிசி மில்காரர் வீட்டில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

என் வீடு சேலம் ஃபேர்லேண்ட்ஸில். மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. பச்சோந்தியை என்னிடம் விடுங்கள், நீங்களும் வந்து தங்குங்கள், இந்தப் பேருந்து அலைச்சல் எதற்கு என்று கேட்டேன். அதற்கு அக்கா, "நான் எங்கப்பாகிட்ட எனக்குன்னு எதையும் கேட்டதில்ல. மொதல்ல இந்தப் பானையக் கேட்டுப் பாக்கறேன். இதுக்குச் சரின்னுட்டார்னா, உன் மாடி ரூமையும் கேட்டுடுவேன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பானையில் எனக்கும் அக்கறை வந்துவிட்டது.

முதல் முறை அக்கா கேட்டபோது அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம். "மில்லுக்காரன் வூட்டுல அந்துவா? வெளிய தெரிஞ்சா எவன் நெல்லு கொண்டாருவான்?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். பெரியவர் வாசல் பெஞ்சில், முன்னால் மாதிரி அரிசித் தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க ஐயா, ஒரே ஒரு பானைதானுங்களே" என்று ஆரம்பித்தேன்.

"நீ எந்த ஊரும்மா?"

"திருச்செங்கோடுங்க."

"அதான். ஒரு பேச்சுக்கு மூணு 'ங்க' போடுற. அந்த மரியாதையில மயங்கி அந்துவ வூட்டுக்குள்ள வுடச் சொல்றியா? அந்தப் பிராணிக்குச் சோறு போடச் சொல்லும்மா. ரெண்டு நாள் பட்டினி கெடந்தா தானாப் பழகிக்கும்."

"ஆளில்லாத வூட்டுல நான் பழகிக்கிட்ட மாதிரியா?" என்றார் அக்கா, உள்ளேயிருந்து. பெரியவர் தட்டிலிருந்து ஓர் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

அந்த மில்லில் வண்டு, அந்து என்ற சொற்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நெல் கொண்டுவந்தவர் காதில் பட்டால் வண்டியை வேறு மில்லுக்குத் திருப்பிவிடுவார். அதனால் மூட்டையில் பூச்சி விழுந்தால், "விருந்தாளி வந்திருக்கு" என்பார்கள். நான் கிளம்புகிற நேரத்தில் அக்கா வாசலுக்கு வந்து, கையைப் புடவையில் துடைத்தபடி சொன்னார்:

"அப்பா, நம்ம வூட்டுக்கு ஒருத்தர் வந்து தங்கறதில்ல. நாலு விருந்தாளியக் கூப்பிட்டுக்கறேனே. பானைக்கு வேடு கட்டிடுவேன், வெளிய வரமாட்டாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "வாத்திச்சி பேச்சப் பாரு!" என்று என்னிடம் சொன்னார். "விருந்தாளின்னா சாப்பாடு நாமதானே போடணும்? மில்லுலருந்தே அனுப்பறேன், போ."

பேருந்து நிறுத்தம்வரை என்னை வழியனுப்ப வந்த அக்காவின் நடையே வேறாக இருந்தது. மாடி அறைக்குக் கிழக்கே ஜன்னல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

மறுநாளே ஒரு சிறு சாக்கில் தவிடும் குருணையும் வந்தன. மகள் கேட்ட முதல் பொருள். மில் ஆளிடம் அவர், "நம்ம வூட்டுக்குப் போறது, நல்லா சுத்தம் பண்ணி அனுப்பு" என்று சொல்லியிருக்கிறார். சாக்கைச் சுத்தம் பண்ணுவது என்றால் அந்த மில்லில் ஒரே அர்த்தம்தான். உள்ளும் புறமும் பூச்சிப்பொடி தூவுவது. ஆள் வழக்கத்தைவிடத் தாராளமாகத் தூவியிருக்கிறார். முதலாளி வீட்டுச் சாக்கு அல்லவா.

கல்லூரி விடுதிச் சமையல்கட்டின் பழைய மாவு டப்பாவிலிருந்து அக்கா சேகரித்து வைத்திருந்த புழுக்கள் அந்தத் தவிட்டில் போயின. மாலையில் சிலவற்றை எடுத்து இலைமேல் வைத்தார். பச்சோந்தி நாக்கை நீட்டி ஒன்றுவிடாமல் பிடித்துத் தின்றதாம். எத்தனையோ நாள் பசி. விடிந்து பார்த்தபோது செடியடியில் செத்துக் கிடந்தது. பானையில் ஒன்றுகூட நெளியவில்லை. சாக்கைத் திருப்பி விரலால் தடவி முகர்ந்து பார்த்திருக்கிறார்.

அப்பா பல் துலக்கிக்கொண்டே பின்கட்டுக்கு வந்து, "என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"வெக்கை தாங்கலப்பா" என்றிருக்கிறார் அக்கா.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே சொன்னார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவர் எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான் வசந்தா. அதையும் வெஷம்னு எப்படிச் சொல்றது?" மாடி அறையை எப்போது கேட்கப் போகிறீர்கள் என்றேன். தாளிலிருந்து நிமிராமல், "கேக்காத வரைக்கும் இல்லைன்னு யாரும் சொல்லலியே" என்றார். பிறகு அவர் கேட்கவே இல்லை. மாடி அறையில் வேறொருவர் வாடகைக்கு வந்தார். அக்கா அதே பேருந்தில் வந்தார், போனார். நோய் வந்தபோதும் ஆத்தூர் வீட்டிலேயே படுத்தார்.

உடலை எடுத்த பிறகுதான் என்னால் ஆத்தூர் போய்ச் சேர முடிந்தது. மில் எப்போதோ விற்கப்பட்டுவிட்டது. பெரியவர் அதே பெஞ்சில் இருந்தார். பார்வை அறவே இல்லை. என் குரலைக் கேட்டதும், "கொங்குப் பொண்ணா? பக்கத்துல வா" என்று கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார். இழவு கேட்க வந்தவர்கள் எழுந்து போகும்வரை அந்தக் கையை விடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பிராணி... வெக்கையிலதான் செத்துதுன்னு சொன்னா அவ. நெசந்தானா? சாக்குல ஒண்ணும் இல்லியே?"

இத்தனை வருடமும் இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் அவரும் மகளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"வெக்கைதானுங்க ஐயா. அந்த வருசம் வெயில் அப்படிங்க" என்றேன்.

"ஆமா, வெயில் ஜாஸ்தி" என்று கையை விட்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. நம்பியிருந்தாலும் அதனால் இனி யாருக்கு என்ன?

அக்காவிடமிருந்து எனக்கு வந்திருப்பது அந்த ஒரு பொய்தான். அதைச் சொல்ல இனி நான் மட்டுமே இருக்கிறேன். துக்கம் கேட்க ஆத்தூர் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர் கேட்டால் வெயில் என்றே சொல்லுங்கள். இதை இங்கே எழுதியதால் அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எனக்கில்லை. அவருக்கு எதையும் படித்துக் காட்டுவதற்கு அந்த வீட்டில் இருந்தவர் தமயந்தி அக்கா மட்டும்தான்.