மேகலா அக்காவைக் கேட்டவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வேனில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது. லைன் சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார். அயர்ன் டேபிள் மேகலா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், லைன் வழக்கம்போல் நடக்கும் என்று இருந்தது. வேன் பாகூர் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் அதன்கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்துவிட்டன. நானும் ஒன்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. என் பக்கத்து இருக்கை மேகலா அக்காவுடையது. காய்ச்சல் என்று அவர் லீவு போட்டதிலிருந்து அதில் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு வந்தேன். அன்று அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள். நான் கையைத் தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து அக்காவின் அண்ணன் வந்து ஆஸ்பத்திரியிலிருந்தே உடலை ஊருக்கு எடுத்துப்போய்விட்டார். கடைசியாக ஒருமுறை அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். அம்மாவால் கரும்பு வேலைக்குப் போக முடியாமல் ஆனதும் வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் ரெடிமேட் கம்பெனியில் சேர்ந்தேன். தைத்து வரும் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது என் வேலை. அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. நானாகப் போய்ப் பேசவும் வராது. மதியத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒருநாள் அக்கா தன் தூக்குவாளியோடு அங்கே வந்து நின்றார்.

"இன்னாடி, டப்பாக்குள்ள மூஞ்ச வெச்சிக்கினு துன்ற? யாராச்சும் புடுங்கிக்கினு பூடுவாங்களா?"

அவர் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழ். மூடியில் எனக்கும் ஊற்றி, மேலே ஒரு மோர்மிளகாயை வைத்தார். மறுநாளும் அங்கேயே வந்தார். அவருக்கும் அங்கே தனியாகத்தான் சாப்பாடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் கணவர் வேலைக்கென்று கேரளா போனவர் திரும்பவில்லை. குழந்தை இல்லை. பாகூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அறையில் இருந்தார். பாகூர் அவருக்குச் சொந்த ஊர் இல்லை என்பதால் விசேஷங்களுக்குத் தாம்பூலம் வைத்து அழைக்க அவர் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள்.

கூழ்க்கடை போடலாம் என்று அவர் சொன்னபோது விளையாட்டு என்றுதான் நினைத்தேன். ஞாயிறு கம்பெனி லீவு. ஒருநாள் வியாபாரம். எதற்கு அக்கா, கிடைப்பதே ஒருநாள் ஓய்வு என்று கேட்டேன். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

"எத்தினி வருஷமா சட்டைக்கு மடிப்பு எடுக்கறேன். எவன் போட்டுக்கினு திரியறான்னு ஒரு நாளாவது தெரியுமா? கூழ் ஊத்தினா குடிக்கறவங்க மூஞ்சி தெரியும்டி. நாளைக்கி நான் வரலன்னா மேகலா எங்கன்னு ஒருத்தராவது கேப்பாங்கல்ல?"

எங்கள் முதல் ஞாயிறு ஆடி மாதத்தில் வந்தது. ஆடி பிறந்தால் எல்லோருக்கும் கூழ் ஆசை வரும், அதுதான் நல்ல நேரம் என்பது அக்காவின் கணக்கு. எனக்கும் சரியென்றே பட்டது. முதல்நாள் மாவு கரைத்துப் புளிக்கவைத்து, நொய் போட்டுக் கிண்டி, விடிந்ததும் மோர் ஊற்றிக் கரைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் புங்கமரத்தடிக்குப் போனோம். இரண்டு பிளாஸ்டிக் முக்காலி, ஒரு குண்டான், எவர்சில்வர் டம்ளர்கள். நல்ல கூட்டம் போனது. எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போனார்கள். எல்லோர் கையிலும் ஒரு சொம்போ தூக்கோ இருந்தது. அன்று மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். ஊரே இலவசமாகக் குடிக்கப் போகும் நாளில் நாங்கள் கூழ் விற்க உட்கார்ந்திருந்தோம்.

ஒரு கிழவர் நின்று குண்டானை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அம்மனுக்கே போட்டிக் கடையா?"

அக்கா சிரித்த சிரிப்பில் முக்காலி சாய்ந்துவிட்டது. பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு எழுந்து, குண்டானைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு பெண்கள் கூழ்க்குடம் சுமந்து வந்து கோயில் அண்டாவில் ஊற்றும் வரிசையில் போய் நின்றுகொண்டார். நான் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"எந்தத் தெரு கூழும்மா இது?" என்று கோயில்காரர் கேட்டார்.

"பஸ் ஸ்டாப் தெருங்க."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருவர் அக்காவின் தலையிலிருந்து குண்டானை இறக்கக் கைகொடுத்தார். அத்தனை வருடம் அந்த ஊரில் இருந்தும் அக்கா அன்றுதான் அந்த அண்டாவில் கூழ் ஊற்றினார். திரும்பி வரும்போது காலிக் குண்டானைத் தட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு, முந்தைய வாரம் சிரித்தவர்களே வந்து வாங்கினார்கள். பஸ் ஸ்டாப் தெரு என்ற பெயரும் நிலைத்துவிட்டது. மழை மாதங்களில் கூழுக்குப் பதில் சுண்டல் போட்டோம். வெயில் ஏறியதும் மீண்டும் கூழ். நான் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவேன். அக்கா ஊற்றிக்கொண்டே எல்லோரையும் விசாரிப்பார். வில்லியனூர் டவுன்பஸ் கண்டக்டருக்கு வண்டி கிளம்பும் அவசரம், அவருக்குக் கூழைத் தண்ணீராகக் கரைத்து வைத்திருப்பார். ஒரு கொத்தனார் மேஸ்திரிக்கு மோர்மிளகாய் இல்லாவிட்டால் கோபம் வரும். "மூக்கு மேல இருக்கற கோவத்த கூழ்ல தொட்டுக்கோ அண்ணே" என்பார் அக்கா. கீரைக்கார அம்மா கூடையை இறக்கிவைத்து மெதுவாகக் குடிப்பார். அக்கா தன் முக்காலியை அவரிடம் தள்ளிவிட்டு நின்றுகொள்வார்.

கூழ் தீர்ந்த பிறகும் அக்கா கிளம்பமாட்டார். ஒரு டம்ளரை இரண்டு தடவை கழுவுவார்.

"சுத்தமாதான் இருக்குது அக்கா" என்றேன் ஒருமுறை.

"தெரியும்டி. கழுவி முடிச்சா வூட்டுக்குப் போவணும்."

அதற்குப் பிறகு நானும் மெதுவாகவே கழுவினேன்.

வருகிற ஆடியோடு கம்பெனியை விட்டுவிட்டுத் தினமும் கடை போடுவதாக இருந்தார். அதற்குள் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை போன் செய்து, "நீ மாவு மட்டும் கரைச்சி வை, காலைல நான் வந்து கிண்டறேன்" என்றார். கரைத்து வைத்தேன். அவர் வரவில்லை. போய்ப் பார்த்தால் அறை பூட்டியிருந்தது, இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாராம். அந்த ஞாயிறு கடை இல்லை. செவ்வாயன்று செய்தி வந்தது.

போன ஞாயிறு நான் தனியாகவே கிண்டினேன். அம்மா வேண்டாம் என்றார். ஆனால் புங்கமரத்தடி காலியாக இருக்குமே என்று நினைத்தபோது வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு முக்காலியையும் போட்டேன். இங்கே யார் இறந்தாலும் பஸ் ஸ்டாப் சுவரில் முகம் போட்டுப் போஸ்டர் ஒட்டுவார்கள். அக்காவுக்கு ஒட்ட ஆளில்லை. அதனால் வந்தவர்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

"இன்னாம்மா, ஒங்க அக்கா எங்க?" என்று கண்டக்டர்தான் முதலில் கேட்டார்.

சொல்ல வாயைத் திறந்தேன். "வூருக்குப் போயிருக்காங்க" என்றுதான் வந்தது.

"போன வாரம் கடையே இல்ல, வெறும் வயித்தோட வண்டி ஏறினேன். வந்தா கேட்டேன்னு சொல்லு" என்று ஓடினார்.

மேஸ்திரியும் கேட்டார். மோர்மிளகாய் தீய்ந்திருக்கிறது, அக்கா வந்ததும் உன்மேல் புகார் சொல்கிறேன் என்றார். பெயர் தெரியாதவர்களும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஊருக்குப் போயிருப்பதாகவே சொன்னேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. ஒவ்வொரு முறை சொன்னபோதும் அக்கா திரும்பி வந்துவிடுவார்போல இருந்தது.

கடைசியாகக் கீரைக்கார அம்மா வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டு, "எப்ப வரும்?" என்றார். குனிந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். டம்ளர் நிரம்பி அவர் கையில் வழிந்தது. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போஸ்டர் ஒண்ணும் ஒட்டலியேம்மா" என்றார்.

"போட்டோ இல்ல" என்றேன். என் போனில் இருக்கும் ஒரே படத்தில் அக்காவின் கையும் டம்ளரும்தான் தெரியும்.

"அப்ப நீ எழுதி ஒட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க படிச்சிச் சொல்லட்டும்."

போகும்போது ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து அக்காவின் முக்காலியில் வைத்துவிட்டுப் போனார். எப்போதும் அதில் அவர்தான் உட்காருவார். அன்று உட்காரவில்லை.

அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன். வரும் ஞாயிறு இதைப் புங்கமரத்தில் கட்டிவைப்பேன். கடையில் குடித்தவர்கள், என்னிடம் கேட்காமல், இதைப் படித்துக்கொள்ளுங்கள். கூழ் இருக்கும்.

அக்கா, கண்டக்டர் கேட்டார். மேஸ்திரி கேட்டார், என்மேல் புகாரும் வைத்திருக்கிறார். அம்மனுக்குப் போட்டியா என்ற அந்தக் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெயர் தெரியாத பலரும் கேட்டார்கள். நீங்கள் வந்தால் சொல்லச் சொன்னார்கள்.

சொல்லிவிட்டேன் அக்கா. டம்ளர்களை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.