மோதிரம் கொடுத்து வாங்கிய வெள்ளிக் காசு

அத்தானின் நாணய அல்பத்தைத் தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பிறகு துவாயால் துடைத்து, விரல்களை அவருக்கு விரித்துக் காட்ட வேண்டும். செயின்ட்-மிஷேலில் அக்காவின் மூன்றாம் மாடி வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தக் கறுப்பு அல்பம் மேசைக்கு வந்துவிடும். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பெரிய செப்புச் சதங்கள், இந்த நகரத்து வியாபாரிகள் ஒருகாலத்தில் அடித்துவிட்ட, பூங்கொத்துப் பதித்த சல்லிகள். ஒவ்வொன்றின் வரலாற்றையும் அத்தான் குரலைத் தாழ்த்திச் சொல்வார். அந்தக் காசு யார் தொலைத்த எந்தப் பொருளுக்கு மாற்றாகத் தன் கைக்கு வந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் இங்கு வந்து அவர்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்த காலம் அது. அத்தான் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தார். ஓய்வு நாட்களில், நிலத்துக்குள் உலோகம் கிடந்தால் கூவுகிற ஒரு மெசினைத் தூக்கிக்கொண்டு பூங்காக்களுக்கும் ஆற்றங்கரைகளுக்கும் போவார். குழந்தைகளின் காப்பு, முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குக் கோயிலில் போடுகிற பதக்கம், கிழவிகளின் சங்கிலி என்று எல்லாம் கிடைக்கும். எதையும் விற்கமாட்டார். விற்பது கீழான வேலையாம். நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மண்டபத்தின் நிலவறையில் சனிக்கிழமைகளில் கூடும் நாணயக்காரர்களிடம் கொடுத்துப் பழைய காசாக மாற்றிக்கொள்வார். “நிலத்துக்குள்ள கிடக்கிறதுக்கு ஆக்களின்ர பேர் இல்லை, தம்பி” என்பது அவருடைய வேதவாக்கு. பெயரே எழுதியிருந்த பதக்கங்களைக்கூட அவர் அப்படித்தான் மாற்றினார்.

ஒரு ஜூலை மாதம் எங்கள் பங்குக் கோயில் சனம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போனோம். மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்கா இறைச்சி பிரட்டிய கையை ஆற்றில் சவர்க்காரம் போட்டுக் கழுவும்போது அவருடைய கலியாண மோதிரம் வழுகி விழுந்துவிட்டது. கணவர் ஊரில் ஷெல் விழுந்து செத்தவர். அவர் போட்டுவிட்ட மோதிரம். முழங்காலளவு தண்ணீரில் குந்தி, பொழுது சாயும்வரை மண்ணை அளைந்தார் அந்த மனுசி. மறுநாள் அத்தான் மெசினோடு தனியாகப் போனார். வந்து, “ஆறு இழுத்துக்கொண்டு போயிட்டுது” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய அந்த அக்கா வந்து கேட்பார். அத்தான் தலையைச் சாய்த்து, “செபியுங்கோ, தங்கச்சி” என்பார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை அத்தானுக்கு வேலை. இரண்டு பதக்கங்களைத் தந்து என்னை அந்த நிலவறைக்கு அனுப்பினார். நானும் போனேன். அங்கே ஒரு பிரெஞ்சுக் கிழவர், நான் யாருடைய ஆள் என்று தெரிந்ததும், ஒரு மோதிரத்தையும் பூதக்கண்ணாடியையும் என்னிடம் நீட்டினார். உள்ளே இருப்பது எழுத்தா என்று கேட்டார். வெறும் பூவேலை என்று உங்கள் அத்தான் சொன்னார், எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றார்.

அது தமிழ். ஓர் ஆணின் பெயர். மன்னார் அக்கா எழுதிக் கொடுக்க, இறந்தோருக்கான மன்றாட்டில் மாதம் தவறாமல் நான் கேட்ட பெயர். அதை ஒலிவாங்கியில் வாசிப்பவரே அத்தான்தான்.

என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மோதிரத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடி, முதலில் இதைக் கொண்டுபோ, நான் கொடுத்த வெள்ளி ஐம்பது சதம் பிறகு வரட்டும் என்றார். என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

அத்தான் அந்தக் காசைத் தரமாட்டேன் என்றார். “மாத்தினது மாத்தினதுதான். தொழிலுக்கு ஒரு மரியாதை இருக்கு.” மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழும்பி வந்தார். செதிலும் இரத்தமுமான கையால் அல்பத்தைத் திறந்து, காசைப் பிடுங்கி என்னிடம் தந்தார். “கை! உன்ர கை!” என்று அத்தான் கத்தினார். தான் பிடிபட்டதற்கு வராத பதற்றம் அந்த அல்பத் தாளுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த மனிதரை என்னால் ஒரு மனிதராகப் பார்க்க முடியவில்லை.

அக்கா பிறகு என்னிடம் கெஞ்சினார். “பிள்ளையள் அந்தக் கோயிலுக்குத்தான் போகுதுகள். அவரே குடுக்கட்டும். வெளியில சொல்லாதை.” மனம் திருந்தி, ஒரு மூலையில் வைத்து ஒப்புக்கொண்டு கொடுப்பார் என்று அவர் நம்பினார். நானும் காசைக் கிழவரிடம் சேர்த்துவிட்டு, மோதிரத்தை அக்காவிடம் கொடுத்தேன். அத்தான் ஞாயிறு பூசை முடிவில் ஒலிவாங்கியைப் பிடித்தார். மூன்றாம் தரம் ஆற்றில் இறங்கியதாகவும், தொலைந்ததைக் கண்டெடுத்துத் தரும் அந்தோனியாரை வேண்டிக்கொண்டு தேடியதாகவும், மெசின் கூவியதாகவும் சொன்னார். கோயில் முழுக்கக் கை தட்டியது. மன்னார் அக்கா முன்னால் போய் இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டார். பூசை வைத்த சுவாமி அத்தானின் தோளைத் தட்டினார். அடுத்த வருடம் அத்தான் பங்குச் சபைத் தலைவர்.

நான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனேன். அத்தானோடு பேச்சை நிறுத்தினேன். அதுவே பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் மெத்ரோவில் மன்னார் அக்காவைக் கண்டேன். மோதிரம் விரலில் இருந்தது. இனியும் மறைக்கக் கூடாது என்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

“எனக்கு அண்டைக்கே தெரியும், தம்பி. ஆத்து மண்ணுக்குள்ள ரெண்டு மாசம் கிடந்த மோதிரம் நகைக்கடையில இருந்து வந்தமாதிரி மினுங்குமோ?”

“பிறகேன் அந்த ஆளைக் கும்பிட்டனீங்கள்?”

“கேள்வி கேட்டால் திருப்பிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிடுவாரோ எண்டு பயம். கையில ஏறுமட்டும் கும்பிட்டன்.” ரயில் வேகம் குறைந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். “அவரைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. அவர் அப்பிடித்தான். ஆனா நீர் கோயில்ல ரெண்டாவது வாங்கு வரிசையில நிண்டு கை தட்டினீர். அதையும் நான் கண்டனான்.”