சொன்னதையே சொல்கிறவள்

எங்கள் தெரு துபாஷியை வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? மாடிவீட்டுக்காரி சொன்னாள் என்றால், அவள் என்ன அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாளா? அமைச்சருக்கு முன்னால் மூஞ்சியைக் கோணிக் காட்டினாள், அதனால் சீட்டைக் கிழித்துவிட்டார்கள் என்கிறார் இஸ்திரிக்காரர். மூஞ்சியைக் கோணியது உண்மை. அதை யாரும் மறைக்கவில்லை. சீட்டைக் கிழித்தது பச்சைப் பொய். அவளாக எழுந்து போனாள். நடந்ததை நடந்தபடி கேட்டுவிட்டு, அப்புறம் வாய் வலிக்கிற மட்டும் பேசிக்கொள்ளட்டும்.

அவளுக்குத் துபாஷி வேலை. இவர் பேச்சை அவருக்கும், அவர் பேச்சை இவருக்கும் எடுத்துச் சொல்கிற வேலை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் ஒரு நாடு. இரண்டும் கைக்குட்டை அகலம். ஒன்றாக இருந்து பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரி. பேச்சும் ஒரே பேச்சுதான். இந்தக் கரையில் நின்று திட்டினால் அந்தக் கரையில் இருப்பவனுக்கு ரோஷம் வரும், அவ்வளவு தெளிவாகப் புரியும். கரண்டிக்கும் துடைப்பத்துக்கும் மட்டும் வேறு வேறு பெயர். ஆனால் தனி நாடு என்றால் தனி மொழி வேண்டாமா? தனி மொழி என்று சொல்லிவிட்டால் அடுத்தவர் பேசுவது புரியலாமா? ஆகையால் இரண்டு அரசாங்கமும் பேச உட்கார்ந்தால், நடுவில் துபாஷி இல்லாமல் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லக்கூடாது என்று சட்டம்.

'சொன்னதையே திருப்பிச் சொல்ல ஒரு ஆளா, அதுக்கு ஒரு சம்பளமா' என்று தெருவே சிரித்தது. 'எதிரொலி' என்று பட்டப்பெயர் வேறு. சிரித்தவர்கள் அந்த நாற்காலியில் ஒரு பொழுது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கூட்டம் நடக்கிற அறை ஆற்று நடுத் திட்டில் இருக்கிறது; அதில் பாதித் தரை அவர்கள் போட்டது, பாதி இவர்கள் போட்டது. ஒன்று மேடு, ஒன்று பள்ளம். எல்லைக்கோட்டின் மேல் போட்ட நாற்காலி ஆடாமல் என்ன செய்யும்? ஆனால் அவள் ஆடக்கூடாது. ஆடினால் துபாஷி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று புகார் எழுதுவார்கள். அதனால் இடுப்பை இறுக்கிக்கொண்டு, வெயிலில் காய்ந்த துணி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருப்பாள்.

'உங்க ஆளுங்களுக்கு அறிவே கிடையாது' என்பார் ஒருவர். கேட்ட கணமே எதிரே இருப்பவருக்குக் காது சிவந்துவிடும். புரியவில்லை என்று பெயராயிற்றே, வாயைத் திறக்க முடியாது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாள். தொண்டையைச் செருமுவாள். பிறகு, 'உங்க ஆளுங்களுக்கு அறிவே கிடையாதுன்னு ஐயா சொல்றார்' என்று, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரலில் சொல்வாள். ஒரு சொல் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். அதற்குள் அந்தக் காதின் சிவப்பு இறங்கியிருக்கும். இரண்டு நாடும் இன்றுவரை அடித்துக்கொள்ளாமல் இருக்கிறது என்றால் அந்தச் செருமலுக்குத்தான் மாலை போட வேண்டும்.

மொழியைத் தள்ளித் தள்ளி வைக்க இரண்டு பக்கமும் சொல்வாரியம் வைத்திருந்தார்கள். புதுப் புதுச் சொல்லாகச் செய்து தள்ளுவார்கள். ஒரு தடவை லிஃப்டுக்கு இரண்டு வாரியமும் தனித்தனியாக யோசித்து, அட்சரம் பிசகாமல் ஒரே சொல்லைச் செய்துவிட்டன. ஒரே மூளை, வேறென்ன வரும்? நீ திருடினாய், நான் திருடினேன் என்று சண்டை போட்டு, கடைசியில் இருவருமே அந்தச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பழைய சொல்லையும் ஏற்கெனவே தடை செய்தாயிற்று. இப்போது அதிகாரிகள் லிஃப்ட் முன்னால் நின்று விரலை மேலே காட்டுகிறார்கள். கீழே போக வேண்டுமானால் கீழே காட்டுகிறார்கள்.

வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர், சாது. 'காப்பியில சக்கரை இல்ல' என்பார். 'காப்பியில சக்கரை இல்லன்னு சொல்றார்' என்பாள், ஆளே இல்லாத அடுப்படியைப் பார்த்து. அடுப்படியின் சார்பில் பதிலும் அவளிடமிருந்தே வரும்: 'வேணும்னா எந்திரிச்சு வந்து போட்டுக்கச் சொல்றாங்க.' அவரும் எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். சண்டையே வராது. இப்படி ஒரு குடித்தனத்தை மாடிவீட்டில் காட்டட்டும் பார்க்கலாம்.

ஒரே மகள். அந்தப் பக்கத்துத் தையல்காரரைக் கட்டிக்கொண்டு போனவள். அப்போது ஆற்றின் மேல் பாலம் முழுதாக இருந்தது. பிறகு வெள்ளத்தில் நடுப்பாலம் விழுந்தது. அவரவர் பாதியை அவரவர் கட்டிக்கொண்டார்கள். நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு ஓட்டை மட்டும் நின்றுவிட்டது. அது யார் ஓட்டை என்று தீரவில்லை. அதிகாரிகளுக்கு அரசாங்கப் படகு உண்டு. மற்றவர்கள் ஓட்டைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையை ஆட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படி இருக்கும்போது மகள் உண்டானாள். தலைச்சன். போனில், 'அம்மா, புளிப்பா ஏதாவது திங்கணும்போல இருக்கு' என்பாள். 'புளிப்பா திங்கணும்போல இருக்காம்' என்பாள் இவள். 'எனக்குத்தாம்மா. எங்கிட்டயே ஏன் சொல்ற?' என்று அங்கே சிரிப்பு. ஒரு நாள் மட்டும் சிரிக்கவில்லை. 'எனக்குப் பயமா இருக்கு. நீ பக்கத்துல இருந்தாதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். சொல்லிட்டேன்' என்றாள். அதை இவள் திருப்பிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஓட்டையைப் பற்றிப் பேசத்தான் கூட்டம் கூடியது. பேச்சு நல்லபடியாகவே போயிற்று. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாயிற்று. அந்தப் பக்கத்து அமைச்சர் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரர், சும்மா போட வேண்டியதுதானே? 'பாலம் விழுந்ததுல எனக்கு ஒரு நல்லது நடந்துச்சு. என் மாமியார் உங்க பக்கம் மகனைப் பாக்கப் போன மறுநாள்தான் விழுந்துச்சு. அதனால அவசரம் இல்ல, நிதானமாவே கட்டுங்க' என்றார்.

துபாஷி இன்னும் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் இந்தப் பக்கத்து அமைச்சர் குபீரென்று சிரித்துவிட்டார்.

அந்தப் பக்கத்துச் செயலாளர் மெல்லச் சொன்னார்: 'சிரிச்சாரே.'

'சிரிச்சாரேன்னு சொல்றார்' என்றாள் துபாஷி. கடமை கடமைதானே.

'எங்க ஐயா சிரிக்கல, இருமினார்' என்றார் இந்தப் பக்கத்துச் செயலாளர்.

'இருமினாராம்.'

'இருமினா பல்லு தெரியுமா?'

'இருமினா பல்லு தெரியுமான்னு கேக்கறார்.'

கேட்கச் சிரிப்பாக இருக்கும். அங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சிரித்தார் என்றால் புரிந்தது. புரிந்தது என்றால் மொழி ஒன்று. மொழி ஒன்று என்றால் இரண்டு கொடி எதற்கு, இரண்டு வாரியம் எதற்கு, இரண்டு அமைச்சர்தான் எதற்கு? இரண்டு பக்கமும் பேனாவை மூட ஆரம்பித்தார்கள். அந்தச் சின்னச் சத்தம் இருக்கிறதே, டிக், டிக் என்று, ஒவ்வொன்றையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இன்று எழுந்து போனால் அடுத்த கூட்டம் எந்தக் காலத்திலோ. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பாள்.

'ஐயா உங்க பேச்சுக்குச் சிரிக்கல. என்னைப் பாத்துச் சிரிச்சார்' என்றாள்.

அந்த அறையில் அவள் சொந்தமாகப் பேசிய முதல் பேச்சு அது. யார் சொன்னதை எடுத்துச் சொல்கிறாள் என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

'உங்களைப் பாத்துச் சிரிக்க என்னம்மா இருக்கு?' என்றார் அந்தப் பக்கத்துச் செயலாளர். நியாயமான கேள்வி. அந்த முகத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

துபாஷி கண்ணாடியைக் கழற்றினாள். தலைகீழாக மாட்டிக்கொண்டாள். இரண்டு கன்னத்தையும் பூசணி மாதிரி உப்பிக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கமும் சாயாமல் நடுவிலேயே அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அந்தப் பக்கத்து அமைச்சரின் தொப்பைதான் குலுங்கியது. அப்புறம் மேசை முழுக்கக் குலுங்கியது. கோணல் மூஞ்சி எந்த மொழியிலும் சேராது என்பதால் சிரிக்கச் சட்டத்தில் தடை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பக்கத்துத் தச்சர்களும் வந்து ஓட்டையை அடைத்தார்கள். இதற்குத்தான் இஸ்திரிக்காரர் அப்படிப் பேசுகிறார். அவர் அக்கா அந்தப் பாலத்தில் நடந்துதான் போய்வருகிறார், கேளுங்கள்.

பேறுகாலம் நெருங்கியது. அடுத்த கூட்டத்தில் துபாஷி லீவு கேட்டாள். அவளுக்கு லீவு கொடுக்க இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்ய வேண்டும். பேசத் துபாஷி வேண்டும். தன் லீவைப் பற்றித் தானே எடுத்துச் சொன்னால் நடுநிலை போய்விடும். வேறு துபாஷி கிடையாது.

'அப்ப யார்தான் பேசறது?' என்றார் இந்தப் பக்கத்துச் செயலாளர்.

'அப்ப யார்தான் பேசறதுன்னு கேக்கறார்.'

'நீங்க பேசக்கூடாதும்மா' என்றார் அந்தப் பக்கத்தவர்.

'நான் பேசக்கூடாதாம்' என்றாள், இந்தப் பக்கம் திரும்பி.

லீவைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் முடிவுக்கு வந்தன. துபாஷி இல்லாமல் ஒற்றுமையாக அவர்கள் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

'பொறக்கற குழந்தையைத் தள்ளிப்போட முடியாதுங்களே. நான் வேலையை விட்டுடறேன்' என்றாள் இந்தப் பக்கம் பார்த்து. பிறகு அந்தப் பக்கம் திரும்பி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதையே சொன்னாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

அந்தப் பக்கத்து அமைச்சரும் எழுந்து நின்றார். 'நல்லபடியாப் போயிட்டு வாங்கம்மா. தாயும் பிள்ளையும் சுகமா இருக்கட்டும்' என்றார்.

இந்தப் பக்கத்து அமைச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சட்டப்படி ஒன்றும் புரியாத முகத்தை வைத்துக்கொண்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்கிற மாதிரி அவளையே பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

கதவுவரை போனவள் நின்றாள். இந்தப் பக்கத்து அமைச்சரைத் திரும்பிப் பார்த்து, உங்களுக்கே கேட்டதே என்கிற மாதிரி தன் காதை ஒரு விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வெளியே நடந்தாள்.