திறக்கலாம் என்று போன மெயில்

பிரேமா சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னவன் நான். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு. அவர்களுடைய இணையச் செயலியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வெளிநாடு போகும் பெட்டிகளுக்குள் பூச்சி சாக விஷப்புகை ஏற்றிக் கதவை மூடிவிடுவார்கள். ஒரு முழு நாள் கழித்துத்தான் திறக்கலாம். அந்த நேரம் வந்ததும் சூப்பர்வைசருக்கு ‘திறக்கலாம்’ என்று ஒரு மெயில் தானாகவே போக வேண்டும். அதற்கான நிரலை எழுதியவன் நான்.

புகை ஏற்றும் நேரத்தைக் குறித்தால் மெயில் வரிசையில் காத்திருக்கும். ஒரு நாள் கழிந்ததும் போய்விடும். ஆனால் குறித்த நேரம் மாறினால்? புதிய நேரத்துக்கு இன்னொரு மெயிலை வரிசையில் சேர்த்தேன். பழையதை எடுக்க வேண்டும் என்பது தெரிந்தே இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரன் என்றால்கூட மன்னிக்கலாம். நான் ராயபுரத்தில் பிறந்தவன்! எண்ணூர் சாலையில் லாரிகள் நின்றுவிட்டால் இந்தப் பக்கம் எதுதான் சொன்ன நேரத்தில் நடந்திருக்கிறது? நேரத்தை மாற்றுவதுதான் இங்கே அன்றாட வேலை.

அன்றும் அப்படித்தான். யார்டு அலுவலகத்தில் பதிவு போடுகிறவள் பிரேமா, எம்.கே.பி. நகர்ப் பெண். காலையில் புகை ஏற்ற வர வேண்டிய மருந்துக்காரர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதால், நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினாள். புகை ஏற்றியதும் சாயங்காலம்தான். ஆனால் மறுநாள் காலை ஷிப்டு சூப்பர்வைசருக்குப் பழைய மெயில் போய்விட்டது. லோடுமேன் ஏழுமலை கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தார்... அங்கேயே சுருண்டு விழுந்தார்.

உயிர் பிழைத்தார். கை நடுக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

விசாரணையில் சூப்பர்வைசர் போனை நீட்டினார். “இன்னா சார் பண்றது? மெயிலு வந்துச்சு, தொறக்க சொன்னேன்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலை, வழக்கு, சிறை... எல்லாம் ஒன்றாய்க் கண்முன் வந்து நின்றன. “நேரத்த மாத்தக் கூடாது சார். பழைய பதிவ அழிச்சிட்டு புதுசா போடணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றேன். யாரோ பேசுவது போல என் குரலே எனக்குக் கேட்டது.

பிரேமா சண்டை போடவில்லை. “நேரத்த மாத்துனா போதும், மெயிலு அதுவா மாறிக்கும்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யாரும் நிரலைத் திறந்து பார்ப்பதற்குள், நான் அதைத் திருத்திவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம்... சொல்லாதீர்கள்.

போன வாரம் டீக்கடை வாசலில் ஏழுமலை கூப்பிட்டார். கிளாஸை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அப்படியும் டீ தளும்பியது. “இன்னா நைனா, கண்டுக்காம போய்க்கினே கீற? அந்தப் பொண்ணு மேல கேஸு போடப் போறாங்களாமே! வாணாம்னு சொல்லுப்பா. தெரியாம பண்ணிடுச்சு, பாவம். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல.” சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு யார்டு முதலாளிக்கு ஒரு மெயில் எழுதினேன். உடனே அனுப்பத் துணிவில்லை. மறுநாள் காலை போகும்படி, நான் செய்த அதே வரிசையில் வைத்தேன். மாலையானதும் பயம் பிடித்துக்கொண்டது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என் அம்மா நிற்பது போல் தோன்றியது. நேரத்தை ஒரு நாள் தள்ளி வைத்தேன். அடுத்த மாலையும் தள்ளி வைத்தேன். இன்றும்...

திருத்திய நிரல் ஒழுங்காக வேலை செய்கிறது. நேரத்தை மாற்றினால் இப்போதெல்லாம் பழைய மெயில் போவதே இல்லை. ஒரு நாளாவது தவறிப்போய் என் மெயில் முதலாளிக்குப் போயிருக்காதா என்று காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். போயிருக்காது.

போகவில்லை என்று கண்டதும் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.